மார்கரெட் பாஸ்டன் யார் வீட்டுப் பெண்?

1440 ஏப்ரலில், இங்கிலாந்தின் கிழக்கோரமான நார்ஃபோக்கில் இருந்து ஆக்னஸ் பாஸ்டன் என்ற அம்மாள், லண்டனில் நீதிபதியாக இருந்த தன் கணவர் வில்லியமுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். கடவுள் புண்ணியத்தில் நல்ல செய்தி, உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெண்ணை இன்று இரவு ரீடமில் இருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள், நம் பையனும் அவளும் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டார்கள், மரியாதையாகவும் பிரியமாகவும் பேசினாள், அவன் நிச்சயமாக உங்கள் பிள்ளைதான் என்று சொன்னாள், இனி பெரிய பேச்சுவார்த்தை எதுவும் தேவைப்படாது என்று நம்புகிறேன் என்று போகிறது கடிதம். அப்புறம் கவுன் விஷயம். நீங்கள் ஒரு கவுனுக்குத் துணி வாங்கித் தந்தால், பெண்ணின் அம்மா அதற்கு நல்ல மென்மயிர்த் தோல் போடுவதாக ஸ்டாக்டன் பாதிரியார் சொன்னார், கவுன் கட்டாயம் வேண்டும், நிறம் நல்ல நீலமாகவோ பளிச்சென்ற சிவப்பாகவோ இருக்கட்டும். அப்படியே எனக்கு இரண்டு சுருள் தங்க நூலும் வாங்கி வாருங்கள். நம் மீன்குளங்கள் நன்றாக இருக்கின்றன.

இவ்வளவும் இருக்கிறது, பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. தேவைப்படவில்லை, இரண்டு பேருக்கும் அவள் யார் என்று தெரியும். அறுநூறு வருடம் கழித்து அந்தக் கடிதத்தைப் படிக்கிற நமக்குத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அவள்தான் பிற்காலத்து மார்கரெட் பாஸ்டன். 15-ஆம் நூற்றாண்டு நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பக் கடிதங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை இவர் பெயரில் போனவை. அந்தக் காலத்து இங்கிலாந்தில், பிரபுக்களுக்கு ஒரு படி கீழே இருந்த நிலவுடைமைக் குடும்பங்களில், ஜென்ட்ரி என்பார்களே அந்த வர்க்கத்தில், இவ்வளவு நெருக்கமாக நாம் அறியக்கூடிய பெண் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நாம் அவரை அறிவதெல்லாம் பாஸ்டன் வீட்டு மருமகளாக, பாஸ்டன் வீட்டு மனைவியாக, பாஸ்டன் வீட்டு அம்மாவாக. அவர் யார் வீட்டுப் பெண் என்ற கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இந்தக் கேள்வி லேசானதில்லை. இங்கிலாந்தில் ஊர்தோறும் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டது 1538-இல்தான். அதற்கு முந்தைய ஆளுக்குப் பிறந்த தேதி என்று ஒன்றைத் தேடிப் போவதில் அர்த்தமே இல்லை. வம்சாவளி இணையதளங்களில் 1421 மார்ச் இத்தனாம் தேதி என்று யாராவது எழுதியிருந்தால், உடனே சந்தேகப்படலாம். மார்கரெட் 1420-ஐ ஒட்டிப் பிறந்தவர், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தேதிகளின் சங்கதியே தனி. ஆக்னஸின் அந்தக் கடிதத்தில் ஏப்ரல் என்றோ 1440 என்றோ எழுதியிருக்கவில்லை. ‘தேயுஸ் குயி எர்ராண்டிபுஸ் கழிந்த புதன்கிழமை, நல்ல எழுத்தர் கிடைக்காததால் அவசரமாக’ என்றுதான் முடிகிறது. அந்த லத்தீன் வார்த்தைகள் ஈஸ்டருக்குப் பின் வரும் மூன்றாவது ஞாயிறன்று பூசையில் சொல்லும் ஜெபத்தின் தொடக்கம். 1440-இல் ஈஸ்டர் மார்ச் 27, மூன்றாவது ஞாயிறு ஏப்ரல் 17, அடுத்து வரும் புதன் ஏப்ரல் 20. கணக்கு சரியாக உட்காருகிறது, ஆனால் அதற்கு வருடம் 1440 என்பது வேறு வழியில் தெரிந்திருக்க வேண்டும். ஜெபத்தின் முதல் வரியை வைத்து நாள் குறிக்கிற ஒரு அம்மாளுக்கு வருடம் எழுதுகிற பழக்கமே இல்லை.

மார்கரெட்டும் அப்படித்தான். ‘புனித தாமஸ் திருநாளுக்கு முந்தின வியாழன், ஆக்ஸ்னெட்டில், மிகவும் அவசரமாக’ என்று முடியும் ஒரு கடிதம். அதில் தன் பழைய பெல்ட்டுகளில் ஒன்றே ஒன்றுதான் இடுப்பைச் சுற்றி வருகிறது, அந்த அளவுக்கு மெலிந்துவிட்டேன் என்று கணவரைச் சீண்டுகிறார், ஆள் கர்ப்பம். மருத்துவச்சி எலிசபெத் பெவரெல் பதினைந்து பதினாறு வாரமாக இடுப்பு வலியில் படுக்கையில் கிடக்கிறார், ஆனாலும் நேரம் வந்தால் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தாலும் வந்தே தீருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நீங்கள் வீடு திரும்பும்வரை புனித மார்கரெட் உருவம் பொறித்த இந்த மோதிரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் எனக்கு விட்டுப்போன ஞாபகார்த்தம் இராப்பகலாக, தூங்க நினைக்கும்போதுகூட, உங்களையே நினைக்க வைக்கிறது என்கிறார். இந்தக் கடிதத்துக்கு 1441 டிசம்பர் 14 என்று ஆய்வாளர்கள் தேதி கொடுக்கிறார்கள். கல்யாணம் 1440-ஐ ஒட்டி, மூத்த மகன் பிறந்தது 1442, நடுவில் வரும் டிசம்பர் இதுதான். வயிற்றில் இருக்கும் பிள்ளையை வைத்துக் கடிதத்துக்கு வருடம் குறிக்கிறார்கள். எனக்கு இந்த வேலையே பிடித்துப்போனதற்குக் காரணம் இந்த மாதிரியான இடங்கள்தான்.

சரி, அவர் யார் வீட்டுப் பெண்? ஆக்னஸின் கடிதத்தில் இருப்பது ஒரே ஒரு துப்பு, ரீடம். யேர் நதிக்கரையில் இருக்கும் ரீடம் அப்போது பெர்னி குடும்பத்தின் ஊர். அப்படியானால் இவர் பெர்னி வீட்டுப் பெண் என்று முடிவு கட்டத் தோன்றும். பாதிதான் சரி. பெர்னி அம்மா வழி. அம்மா மார்ஜரி, ரீடம் ஜான் பெர்னியின் மகள். அப்பா ஜான் மௌட்பி, கடலோர ஊரான கிரேட் யார்மத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மௌட்பி என்ற கிராமத்துக்கு உரிமைக்காரர், 1433 வாக்கில் இறந்துவிட்டார். தகப்பன் இல்லாத பெண்ணைத் தாயின் பிறந்த வீட்டில் இருந்து பார்க்க அழைத்து வந்திருக்கிறார்கள்.

அடுத்த பொறி 1443-இல் வருகிறது. கணவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பதறி எழுதிய கடிதம் அது. செப்டம்பர் 28, புனித மைக்கேல் திருநாளின் முன்னிரவு. அம்மா உங்கள் எடைக்குச் சமமான மெழுகு உருவம் ஒன்றை வால்சிங்கம் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார், நானும் வால்சிங்கத்துக்கு யாத்திரை போவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறார்: என் அப்பா கார்னிஸ் அடுத்த வாரம் இங்கே வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், மாமாவும் வருகிறார், வல்லூறு விட்டு வேட்டையாடப் போகிறார்களாம்.

அப்பா கார்னிஸா? அப்பா மௌட்பிதான் இறந்து பத்து வருடமாயிற்றே. இந்த ஒரு வரியை மட்டும் வைத்து வம்சாவளி மரம் வரைகிறவர் மார்கரெட் கார்னிஸ் என்று எழுதிவிடுவார், அது ஊர் முழுக்கப் பரவும். உண்மையில் மார்ஜரி விதவையானபின் கெல்டஸ்டனைச் சேர்ந்த ரால்ஃப் கார்னிஸை மணந்துகொண்டார். மாற்றாந்தந்தையும் அப்பாதான், மாமனாரும் அப்பாதான், மாமியாரும் அம்மாதான். அதே கடிதத்தில் மெழுகு நேர்ந்துகொண்ட ‘அம்மா’ ஆக்னஸாகத்தான் இருக்க வேண்டும், நேர்ந்துகொண்டது அவருடைய சொந்தப் பிள்ளைக்காக. கசின் என்ற சொல் இன்னும் மோசம். பெரும் பணக்காரரான சர் ஜான் ஃபாஸ்டால்ஃப், மார்கரெட் வழிச் சொந்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கணவர் ஜான் பாஸ்டனைக் கசின் என்றே கூப்பிட்டார். 1459-இல் அவர் இறந்தபின் கெய்ஸ்டர் கோட்டையும் நிலங்களும் யாருக்கு என்ற சண்டையில் பாஸ்டன் குடும்பம் பல வருடம் அல்லாடியதற்கு ஆரம்பம் அந்த உறவு. கடிதத்தில் வரும் உறவுமுறையை அப்படியே எடுத்து மரத்தில் வைக்கக் கூடாது, யார் எந்த வழியில் என்று நிலப் பத்திரத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும்.

நிலப் பத்திரம் என்றேன், முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் பெண்ணின் பெயர் பதிவாக வேண்டுமென்றால் அவர் கையில் நிலம் இருக்க வேண்டும், அல்லது அவர் வழியாக நிலம் போக வேண்டும். மன்னரிடம் நேரடியாக நிலம் வைத்திருந்தவர் இறந்தால், எஸ்சீட்டர் என்ற அரச அதிகாரி உள்ளூர் ஆட்களைக் கூட்டி விசாரணை நடத்துவார். இறந்தவரிடம் என்னென்ன நிலம் இருந்தது, எந்த நாள் இறந்தார், நெருங்கிய வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று லத்தீனில் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சுருள்கள் இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மகன் இருந்தால் அதில் மகன் பெயர் மட்டுமே இருக்கும். நாலு மகள்கள் இருந்திருந்தாலும் ஒரு வரி கிடையாது. மகன் இல்லாவிட்டால் மட்டும் மகள்கள் அத்தனை பேரும் பெயரோடும் வயதோடும், கல்யாணமானவர்கள் கணவன் பெயரோடும் திடீரென்று வெளிச்சத்துக்கு வருவார்கள். வாரிசுப் பெண் கல்யாணமானவராக இருந்தால் 14 வயதிலும், இல்லாவிட்டால் 16 வயதிலும் நிலம் கைக்கு வரும். ‘14 வயதும் அதற்கு மேலும்’ என்று எழுதியிருந்தால் அவருக்கு முப்பது வயதாகக்கூட இருக்கலாம், சட்டத்துக்கு வேண்டிய வயது தாண்டிவிட்டது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இன்னொன்று ஃபைன் பத்திரங்கள். நிலத்தைக் கைமாற்றும்போது நீதிமன்றத்தில் ஒரே தோலில் மூன்று பிரதி எழுதி, நடுவில் வளைந்து வளைந்து வெட்டி, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அடியில் இருக்கும் துண்டை அரசு வைத்துக்கொள்ளும். 1195-இல் தொடங்கி 1833 வரை இது நடந்திருக்கிறது. மனைவிக்குச் சொந்தமான நிலம் என்றால் மனைவி பெயரும் பத்திரத்தில் வர வேண்டும், கணவன் பக்கத்தில் இல்லாமல் நீதிபதி அந்தப் பெண்ணைத் தனியாக விசாரித்து, சம்மதம்தானா என்று கேட்க வேண்டும். அந்தத் தனி விசாரணையில் எத்தனை பெண்கள் உண்மையைச் சொல்ல முடிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு, இன்னாரும் அவர் மனைவி இன்னாளும் என்ற அந்த வரி பொன்னானது.

மார்கரெட் ஜான் மௌட்பிக்கு ஒரே வாரிசு. அதனால்தான் நமக்கு அவருடைய அப்பா தெரிகிறது, அப்பாவின் அப்பா தெரிகிறது. மௌட்பி, ஸ்பார்ஹாம், மேட்லாஸ்க், பெஸ்ஸிங்ஹாம், சஃபோக்கில் ஃபிரிட்டன் என்று அவர் வழியாக வந்த ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் மௌட்பிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னுக்குத் தொடரலாம். அவருக்கு ஒரு அண்ணனோ தம்பியோ இருந்து பிழைத்திருந்தால் பாஸ்டன்கள் அவரை ரீடமில் இருந்து அழைத்து வந்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கடிதமும் இருந்திருக்காது, நீலக் கவுனும் இருந்திருக்காது. வாரிசாக இல்லாத, கடிதமும் எழுதி வைக்காத எத்தனையோ ஆயிரம் ஜென்ட்ரி பெண்கள் யார் வீட்டுப் பெண்கள் என்றே இன்றைக்குத் தெரியவில்லை. மரங்களில் கணவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அலிஸ்’ என்றோ ‘ஜோன்’ என்றோ ஒற்றைப் பெயராக நிற்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பாஸ்டன்களுக்கு ஏன் இந்தப் பெண் அவ்வளவு வேண்டியிருந்தது என்பதற்கு அவர்களுடைய வம்சாவளியையும் பார்க்க வேண்டும். கணவரின் தாத்தா கிளெமென்ட் ஒரு சாதாரண விவசாயி. எதிரிகள் எழுதி வைத்த குறிப்பொன்று இருக்கிறது. அதன்படி அவர் கோடையிலும் குளிரிலும் ஏர் பின்னால் போனவர், சேணம் இல்லாத குதிரையில் தானிய மூட்டையின் மேல் உட்கார்ந்து மில்லுக்குப் போய் அப்படியே மாவோடு திரும்பியவர், மிஞ்சிப்போனால் 100 முதல் 120 ஏக்கர் நிலம், அதிலும் பெரும்பகுதி அடிமைக்குடி நிலம், மனைவி பீட்ரிஸ் சோமர்டன் அடிமைக்குடியில் பிறந்தவர். கடன் வாங்கி மகன் வில்லியமைச் சட்டம் படிக்க வைத்தார், மகன் 1429-இல் நீதிபதியாகிவிட்டார். எதிரி எழுதியதென்றாலும் எனக்குக் கிளெமென்ட் மேல் பெரிய மரியாதை வந்தது அந்தக் குறிப்பைப் படித்துத்தான்.

ஆனால் குடும்பத்துக்கு அது கழுத்துக்கு வந்த கத்தி. ஃபாஸ்டால்ஃப் சொத்துச் சண்டை முற்றியபோது, பாஸ்டன்கள் மன்னருக்குக் கட்டுப்பட்ட அடிமைக்குடி என்று கிளப்பிவிட்டார்கள். அது நிரூபணமானால் நிலம் எதுவும் அவர்களுடையது இல்லை. 1466 மே மாதம் ஜான் பாஸ்டன் இறக்கிறார், ஜூலையில் நாலாம் எட்வர்ட் மன்னர் அந்தக் குடும்பம் வழிவழியாக கௌரவமான ரத்தம்தான் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறார். அதற்காக அவர்கள் காட்டிய வம்சாவளியில், நார்மன் படையெடுப்புக்குப் பின் பிரான்சில் இருந்து வந்த வுல்ஸ்டன் என்பவர் முதல் மூதாதையாக நிற்கிறார். ஏர் பிடித்த கிளெமென்டின் மூன்றாவது தலைமுறை இது! 16-ஆம் நூற்றாண்டில் ஹெரால்டுகள், அதாவது குலச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரிகள், மாவட்டம் மாவட்டமாகப் போய் ஜென்ட்ரி வம்சாவளிகளைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள், 1530-இல் இருந்து சுமார் நூற்றைம்பது வருடம் அது நடந்தது. அவர்கள் எழுதிக்கொண்டது பெரும்பாலும் குடும்பமே சொன்ன கதையைத்தான். இன்றைக்கு இணையத்தில் இருக்கும் பல மரங்களின் வேர் அந்தப் பதிவுகளில் போய் நிற்கிறது. அவற்றைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை. தாத்தா பாட்டி வரைக்கும் நம்பலாம், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் நிலம் எங்கே என்று கேட்க வேண்டும்.

மார்கரெட்டுக்கு வுல்ஸ்டன் தேவைப்படவில்லை. அவர் நிலத்தோடும் குலத்தோடும் வந்தவர், வாழ்நாள் முழுக்கக் கணவர் வீட்டின் நிலத்துக்காகவும் போராடியவர். கிரெஷம் மேனரை, அதாவது அந்த ஊர்ப் பண்ணை நிலத்தையும் வீட்டையும், 1448-இல் மோலின்ஸ் பிரபு பிடுங்கிக்கொண்டபோது, கணவர் லண்டனில் வழக்கு நடத்த, இவர்தான் அங்கே போய் ஒரு வீட்டில் உட்கார்ந்தார். அப்போது கணவருக்கு அனுப்பிய சாமான் பட்டியல் இது: குறுக்கு வில்களும் அவற்றை முறுக்கும் கருவிகளும் அம்புகளும் அனுப்புங்கள், இங்கே வீடுகள் தாழ்வாக இருப்பதால் நீள வில்லை வைத்து உள்ளே இருந்து யாரும் எய்ய முடியாது, கதவுகளைக் காக்க இரண்டு மூன்று குட்டைக் கோடரிகள் வேண்டும். அப்புறம் ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளின் உடைக்குக் கொஞ்சம் கம்பளித் துணி. கடைசியில் மோலின்ஸின் ஆட்கள் ஆயிரம் பேர் வந்து, அவர் இருந்த அறையின் சுவரை அடியோடு தோண்டி, அவரைத் தூக்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டதாகக் கணவரின் மனு சொல்கிறது. ஆயிரம் என்பது வழக்குக்காகக் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். தூக்கிக்கொண்டு போனது நடந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

விதவையான பிறகு, 1470-களின் நடுவில், மார்கரெட் மௌட்பிக்கே திரும்பிப் போய்விடுகிறார். அப்பாவின் ஊர். கடிதங்கள் அங்கிருந்து எழுதப்படத் தொடங்குகின்றன. அங்கே இருக்கும்போதுதான் உயில் எழுதுகிறார், 1482 பிப்ரவரி 4. உயிலில் இருக்கும் வருடம் 1481. அப்போதெல்லாம் இங்கிலாந்தில் வருடக் கணக்கு மார்ச் 25-இல்தான் மாறும், ஆகவே பிப்ரவரியில் எழுதிய எதையும் ஒரு வருடம் கூட்டிப் படிக்க வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும் பெண் அவன் சம்மதம் இல்லாமல் உயில் எழுதுவது நடக்காத காரியம். விதவை எழுதலாம், எழுதினார், ஆங்கிலத்தில், நீளமாக, எதையும் விடாமல்.

அந்த உயிலில் தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்று சொல்கிற பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கணவர் பிராம்ஹோம் மடத்தில், பாஸ்டன்களின் இடத்தில், அவ்வளவு ஆடம்பரமாக அடக்கம் செய்யப்பட்டவர். மார்கரெட் அங்கே போக விரும்பவில்லை. மௌட்பி தேவாலயத்தின் தென்புறப் பக்கச்சாலையில், என் முன்னோர் பலரின் உடல்கள் இளைப்பாறும் இடத்தில் என்னைப் புதையுங்கள் என்கிறார். அந்தப் பக்கச்சாலைக்குப் புதுக் கூரை போட்டு, ஈயத் தகடு வேய்ந்து, கண்ணாடி பதித்து, சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும் என்கிறார். கல்லறைமேல் ஒரு பளிங்குக் கல். கல்லின் நாலு மூலையிலும் நாலு கேடயம்.

முதல் மூலையில் கணவரின் சின்னமும் தன் சின்னமும், ஒரே கேடயத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து. இரண்டாவதில் மௌட்பியும் ரீடம் பெர்னியும். மூன்றாவதில் மௌட்பியும் லவேன் பிரபுவும். நான்காவதில் மௌட்பியும் சர் ரோஜர் பீச்சமும். இப்படிப் பிரித்த கேடயத்தில் ஒரு பாதி கணவன் குலம், மறுபாதி மனைவி குலம். அதாவது ஒவ்வொரு கேடயமும் ஒரு கல்யாணம். முதலாவது அவருடைய கல்யாணம், இரண்டாவது அப்பா அம்மாவின் கல்யாணம், அடுத்த இரண்டும் அதற்கு மேலே மௌட்பி வீட்டுக்குப் பெண் வந்த கல்யாணங்கள். படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுதச் சொல்லியிருப்பது தன் வம்சாவளியை. பிறந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்கள் எந்தெந்த வீட்டில் இருந்து வந்தார்கள் என்பதைத்தான் அவர் கல்லில் பொறிக்கச் சொல்கிறார். நாம் எதைத் தேடி நாக்குத் தள்ளுகிறோமோ, அதை.

நடுவில் ஐந்தாவது கேடயம். அதில் மௌட்பி மட்டும், நீல வயலில் தங்கச் சிலுவை, வேறு யாருடைய சின்னத்தோடும் சேராமல். அதன் கீழே ‘கடவுளிடமே என் நம்பிக்கை’ என்ற வாசகம். கல்லின் ஓரத்தில் எழுத வேண்டியது: ஜான் பாஸ்டனின் மனைவியும், எஸ்குவையர் ஜான் மௌட்பியின் மகளும் வாரிசுமான மார்கரெட் பாஸ்டன் இங்கே உறங்குகிறார்.

ஐந்து கேடயங்களில் பாஸ்டன் சின்னம் ஒரு மூலையில் ஒரே ஒரு பாதி. நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரைச் சுமந்தவர், அந்தப் பெயருக்காகச் சுவர் இடிபடும்வரை உட்கார்ந்திருந்தவர். இதைக் கணவர் மேல் இருந்த கசப்பு என்று நான் படிக்க மாட்டேன், மோதிரம் அனுப்பிய பெண்தான் இவரும். அவருக்குத் தான் யார் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது என்றுதான் படிக்கிறேன். லவேனையும் பீச்சமையும் நாம் நிலப் பத்திரங்களோடு ஒத்துப் பார்த்துத்தான் மரத்தில் சேர்க்க வேண்டும், கல்லறைச் சின்னத்துக்கும் குடும்பப் பெருமை உண்டு. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அவரே கைகாட்டிவிட்டார்.

அதே உயில் கீழ்நோக்கியும் ஒரு மரத்தைத் தருகிறது. மகள் மார்ஜரி 1469-இல் குடும்பத்தின் காரியஸ்தர் ரிச்சர்ட் காலேயை ரகசியமாக மணந்துகொண்டவள். நாரிட்ச் பிஷப் முன்னால் நிறுத்தி, என்ன வார்த்தை சொல்லி வாக்குக் கொடுத்தாய் என்று விசாரித்தபோது, அந்த வார்த்தைகள் கல்யாணத்தை உறுதியாக்கவில்லை என்றால் இங்கிருந்து போவதற்குள் இன்னும் உறுதியாக்கிவிடுகிறேன் என்றாளாம். மார்கரெட் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார், நாம் இழந்தது ஒன்றுக்கும் உதவாதவளைத்தான் என்று மகனுக்கு எழுதினார். படிக்கவே கஷ்டமான கடிதம். பதின்மூன்று வருடம் கழித்து உயிலில், என் மகள் மார்ஜரியின் மகன் ஜான் காலேக்கு 24 வயது ஆகும்போது 20 பவுண்டு, அவன் அதற்குள் இறந்துவிட்டால் அவன் தம்பிகள் வில்லியமுக்கும் ரிச்சர்டுக்கும் என்று வருகிறது. மூன்று பேரன்களின் பெயர் நமக்குக் கிடைக்கிறது, பாட்டி அவர்களைத் தன் பேரன்களாக ஏற்றுக்கொண்டதும் தெரிகிறது. மூத்த மகன் சர் ஜான் கல்யாணம் செய்துகொள்ளாமலே 1479-இல் இறந்தவர். அவருக்குக் கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகள் கான்ஸ்டன்ஸுக்கு 20 வயதாகும்போது 10 மார்க் (மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு). எந்த நில விசாரணையிலும் வாரிசாக வர முடியாத பெண் அவள். பாட்டியின் உயிலில் ஒரு வரி கிடைத்துவிட்டது.

மார்கரெட் 1484 நவம்பர் 4-இல் இறந்தார். மௌட்பியில் அந்தத் தேவாலயம் வட்டக் கோபுரத்தோடும் கோரைக் கூரையோடும் இன்னும் இருக்கிறது, தென்புறப் பக்கச்சாலை இடிந்து போய்விட்டது, ஐந்து கேடயக் கல்லும் இல்லை. பாஸ்டன்கள் பிற்காலத்தில் யார்மத் ஏர்ல் ஆனார்கள், 1732-இல் இரண்டாவது ஏர்ல் கடனோடும் ஆண் வாரிசு இல்லாமலும் இறந்தபோது அந்தப் பட்டம் முடிந்தது, ஆக்ஸ்னெட் வீட்டில் கிடந்த காகிதங்கள் கைமாறத் தொடங்கின. ஜான் ஃபென் 1787-இல் முதலில் அச்சிட்டார். மூலக் கடிதங்களில் ஒரு பகுதியை மன்னருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, அவை நூறு வருடம் காணாமல் போய் 1889-இல் திரும்பக் கிடைத்தன. இப்போது பெரும்பாலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, பழைய அச்சுப் பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உயிலில் இருந்து தொடங்குங்கள், கடிதங்களுக்கு அப்புறம் வாருங்கள். நான் வைத்திருக்கும் மரத்தில் அவரை ‘மார்கரெட் மௌட்பி, ஜான் மௌட்பியின் மகளும் வாரிசும்’ என்றே எழுதியிருக்கிறேன், ஜான் பாஸ்டன் அடுத்த வரியில் வருகிறார்.